கழிவு

செந்தூலில் ரயில் தூணுக்குக் கீழே
பன்னிரண்டு மணிக்கும் அடுப்பு அணையாத கடை.
தவசீலன் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினான்.
எந்தப் போர் என்று கேட்காதீர்கள்,
அன்று இரண்டு நடந்துகொண்டிருந்தன.
சுவரில் ஒலியில்லாத தொலைக்காட்சி:
ஒரு கட்டடம் தன் மேலேயே உட்கார்ந்தது,
பிறகு பந்தாட்டம்.

அந்தக் காப்பிக் கடைப்பக்கம்
ஐந்து மாதமாய் அவன் போகவில்லை.
"நம்ம காசுதான் அங்க குண்டா விழுது லா."
"எப்படி விழுதுன்னு கணக்கைக் காட்டு"
என்றார் புஷ்பநாதன்.
ஓய்வுபெற்ற தபால்காரர்,
தேர்தலுக்கு ஒரு கட்சி மாறியவர்,
மழை பெய்தால் இல்லை என்பவர்.
"தமிழ்ப்பள்ளிக் கூரை ஒழுகுது,
அதுக்கு ஒரு கையெழுத்து போட்டியா?"
"அங்க கூரையே இல்ல, அங்கிள்."
"அந்த மே மாசம் நம்ம சனம் கடற்கரையில செத்தப்ப
எவன் தன் காப்பியை விட்டான்?"

இதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.
ஆளுக்கொரு ரொட்டி சானாயைக் கிழித்தோம்.
பருப்புக் கறி ஆறிப்போயிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து இருவரும்
ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள்:
பெரிய கம்பெனிக்காரன் வரி கட்டுவதில்லை.
ஒத்துப்போன மகிழ்ச்சியில்
என் பக்கம் திரும்பினார்கள்.
"நீ சொல்லு வேணி, உனக்குத்தானே தெரியும்."

எனக்குத் தெரியும்.
முப்பத்தோராம் மாடியில், குளிரில், சால்வை போர்த்திக்கொண்டு
அன்று மத்தியானம்தான் எழுதி முடித்தேன்.
கோப்பை மேல் அச்சடித்த பெயர் இருக்கிறதே,
வெறும் பெயர்,
அது இப்போது ஒரு குட்டித் தீவில் குடியிருக்கிறது,
நாற்காலிகூட இல்லாத ஓர் அறையில்.
இங்கே நுரைக்கும் ஒவ்வொரு கோப்பையும்
அந்தப் பெயருக்கு வாடகை தருகிறது.
கடைகள் நலம். லாரிகள் நலம்.
லாபத்துக்கு மட்டும் மூன்று வருடமாய் உடம்பு சரியில்லை.

கம்பெனி பெயரைச் சொல்லாமல்
இதில் பாதியைச் சொன்னேன்.
புஷ்பநாதன் தே தாரேக்கைக் கீழே வைத்தார்.
"முப்பத்திரண்டு வருஷம் கடிதம் போட்டவன் நான்.
ஆளில்லாத வீட்டுக்குப் போனா
கடிதம் திரும்பி வரணும்.
காசு மட்டும் எப்படித் தங்குது?"

"அது தவிர்ப்பு, ஏய்ப்பு இல்லை" என்றேன்.
"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"
என் சம்பளம் என்பது நாக்கு நுனிவரை வந்தது.
"கொஞ்சம் சிக்கலானது" என்றேன்.

சொல்லாத மீதிப் பாதி இது:
தவசீலன் ஐந்து மாதமாய்க் குடிக்காத காப்பி
என் அறிக்கையில் நான்காம் பக்கத்தில் இருக்கிறது.
'உள்ளூர் உணர்வுகளால் விற்பனைச் சரிவு.'
நட்டத்துக்கு நல்ல காரணம்.
அவன் கோபத்தையும் கழித்துக்கொண்டோம்.

அப்போதுதான் அவன் பின்பையிலிருந்து
நாலாய் மடித்து வியர்வை ஊறிய ஒரு தாளை எடுத்தான்.
வருமான வரி அலுவலகம்.
ராத்திரியில் வாடகைக் கார் ஓட்டிய வருமானம்,
அபராதத்தோடு நானூற்றுப் பன்னிரண்டு வெள்ளி.
"கொஞ்சம் பாரேன்."
"பெட்ரோல் ரசீது வச்சிருக்கியா?"
"அதெல்லாம் யார் வச்சிருப்பா?"
ரசீது இல்லையென்றால் பெட்ரோல் எரியவே இல்லை.
அவன் விமான நிலையத்துக்குப் போகவில்லை,
விடியும்வரை விழித்திருக்கவும் இல்லை.
இதை வேறு வார்த்தைகளில் சொன்னேன்.
"கட்டிடு" என்றேன்.
தலையாட்டினான்.
கடன் கேட்பானோ என்று
ஒரு கணம் கைப்பையை நெருக்கிப் பிடித்ததை
அவன் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

பில் வந்தது. நான்தான் கொடுப்பேன் என்றேன்,
சற்று உரக்கவே.
இருபத்தாறு ஐம்பது,
சேவை வரி ஒன்று ஐம்பத்தொன்பது.
இருபத்தெட்டு வெள்ளி ஒன்பது காசை
இயந்திரம் இருபத்தெட்டுப் பத்தாக்கியிருந்தது.
புஷ்பநாதன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"அந்த ஒரு காசு எங்க போகுது?"
கல்லாவில் இருந்த பையன் சிரித்தான்.
அவர் சிரிக்கவில்லை.
ரசீதை நீட்டிப் பிடித்தபடி
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.